இதுவல்ல

உலான்பாத்தர் விளிம்பில், பயன்கோஷூ மேட்டில்,
வட்டக் கூடாரத்தின் நட்டநடுவில் அடுப்பு.
வேறெங்கே வைப்பது?
கம்பளிச் சுவருக்கு அப்பால்
பூச்சியத்துக்குக் கீழே முப்பத்திரண்டு.

அடுப்பிலிருந்து சுவர்வரை எட்டடி.
சுவர்ச் சட்டத்தில் கட்டிப்
பையன் இடுப்புக்கு விட்ட ஒட்டக மயிர்க் கயிறு ஐந்தடி.
குப்புறப் படுத்து அவன் கையை நீட்டினால்
இடுப்பிலிருந்து விரல்நுனிவரை இரண்டு.
மீதி ஓரடி.
அந்த ஓரடியில்தான் நான் தூங்குகிறேன்.

கன்றுக்குட்டி மாதிரிக் கட்டிப்போடலாமா
என்று கேட்டாள்
தாள்களும் பேனாவுமாய் வந்த பெண்.
நான் எதுவும் சொல்லவில்லை.
பள்ளியிலிருந்து வந்த கொங்கொர்சூல்
கையுறையைக் கழற்றினாள்.
அந்தப் பெண் தாளில் எதையோ அடித்துவிட்டாள்.

பதினோரு மாதத்தில் அவள் இழுத்தது
ஒரு கறுப்பு ஒயர்தான்.
ஒயரோடு மின்சாரப் பானை வந்தது,
பானையோடு உப்புப்போட்ட பால்தேநீர்.
நான் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன்.
வரிசையில் எனக்கு முன்னால் ஏழு பேர்.
தொடைத் தோலை உரித்துக் கைக்கு ஒட்டினார்கள்.
சேர்ந்துகொண்ட இரண்டு விரல்களை
அடுத்த வருடம் பிரித்தார்கள்.
கடைக் கையுறை இன்றுவரை அவளுக்குப் பொருந்தியதில்லை.

பையன் பிறந்ததும் சொத்னொம் பெயர் வைத்தார்:
எனெபிஷ்.
இதுவல்ல என்று பொருள்.
தேடி வருவது எதுவானாலும்
பெயரைக் கேட்டு,
ஓ, இவனில்லையா, என்று திரும்பிவிடுமாம்.
நான் பெயரை நம்பினேன்.
கயிற்றையும் அவிழ்க்கவில்லை.

நெருப்பில் குப்பை போடக்கூடாது.
கத்தி முனையை அதன் பக்கம் திருப்பக்கூடாது.
தண்ணீர் தெளித்து அவிக்கக்கூடாது.
கொழுப்பில் நல்ல துண்டு அதற்குத்தான் முதலில்.
அதன் மனம் நோகாதிருக்க
எங்களுக்கு இத்தனை.
எங்கள் மனம் நோகாதிருக்க
அதற்கு ஒன்றுமில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை.
மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.
டங்.
மறுபடி, டங்.

குப்புறப் படுத்திருந்தான், கயிறு விறைத்திருந்தது,
கை நீண்டிருந்தது,
கையில் அகப்பை.
அடுப்புக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான்,
விருந்துக்கு வந்தவன் போல.
கொண்டி நழுவியது.
உள்ளிருந்து ஒரு கங்கு
யாரது என்று எட்டிப் பார்த்தது.

மாவுக் கையோடு நான் எழுவதற்குள்
கயிறு பின்னால் ஓடியது.
இழுத்தவள் கொங்கொர்சூல்,
அந்தக் கையால்தான்.
கங்கு உருண்டு வந்து
அவன் கிடந்த இடத்தில் கம்பளத்தைத் தின்னத் தொடங்கியது.
பால் வாளியைத் தூக்கிக் கவிழ்த்தேன்.
தண்ணீர்தானே கூடாது.

கம்பளம் பொசுங்கிய நாற்றம் மூன்று நாள்.
கயிற்றை அளந்தேன், கையை அளந்தேன்,
பிள்ளை என்னென்ன எடுப்பான் என்பதை
எந்த முழக்கோலால் அளக்க?
சொத்னொம் ஒன்றும் பேசாமல்
லாரியின் பழைய கிராதியைக் கொண்டுவந்தார்,
அண்டைவீட்டு வெல்டிங் பெட்டியை இரவல் வாங்கி
இரவெல்லாம் பொறி பறக்கவிட்டார்.
விடிந்தபோது
அடுப்பு கூண்டுக்குள் இருந்தது,
கூண்டுக்கு ஒரு பூட்டு,
சாவி என் கழுத்தில்.

இத்தனை நாள்
தப்பான ஆளைக் கட்டியிருக்கிறோம் என்றார்.
சிரிக்க முயன்றோம்.

கயிறு ஆணியில் தொங்குகிறது.
எனெபிஷ் சுவரோரமாகவே
ஐந்தடிக்குள் நடந்துகொண்டிருந்தான் முதலில்,
யாரும் கட்டாத கயிற்றை
இடுப்பில் சுமந்தவன் போல.
நேற்றுத்தான் வாசல்வரை போனான்.
பனி பூத்த இரும்புத் தாழ்ப்பாளைத் தொட்டான்.
வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு
என்னைப் பார்த்துக் கத்தினான்,
அவனுடைய முதல் முழுச் சொல்லை:
சூடு!

நான் திருத்தவில்லை.
விரலை வாயில் வைத்து ஊதினேன்.
சாவி
நெஞ்சில் குளிர்ந்து கிடந்தது.